தாய் வெள்ளை, பிள்ளை சிவப்பு

கடைசித் தொட்டி ஸ்ட்ராபெர்ரி போன ஞாயிற்றுக்கிழமைதான் பழுத்தது. வெள்ளை. நோட்டில் மிச்சமிருந்த ஒரே கட்டத்தில் ‘வெ’ என்று எழுதிவிட்டுக் கூட்டினேன். சிவப்பு 37, வெள்ளை 15, ஆக 52. மூன்று சிவப்புக்கு ஒரு வெள்ளை என்ற மெண்டலின் கணக்கு அப்படியே வந்திருந்தால் 39, 13 இருக்க வேண்டும். இரண்டு செடிதான் முன்னே பின்னே. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில், பண்புகள் தலைமுறை தாண்டுவதைப் பட்டாணிச் செடியில் எண்ணிக் காட்டிய அந்த மெண்டலின் பட்டாணியைக் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

செய்ய நினைத்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சிவப்பாகப் பழுக்கும் ஸ்ட்ராபெர்ரியையும் வெள்ளையாகப் பழுக்கும் ஸ்ட்ராபெர்ரியையும் என் கையாலேயே கலந்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில் நிறம் எப்படிப் பிரிகிறது என்று என் கண்ணாலேயே எண்ணிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் நான்கு இடத்தில் சறுக்கினேன். அதில் ஒன்று இன்னும் வயிற்றெரிச்சல். வரிசையாகச் சொல்கிறேன்.

எட்டு மாதம் வீணான கதை

எல்லாம் ஒரு வெளிறிய பழத்தில் ஆரம்பித்தது. பெரிய தோட்ட ஸ்ட்ராபெர்ரிதான், ஆனால் சதை வெள்ளை, மேலே ஒட்டியிருக்கும் விதைகள் மட்டும் சிவப்பு. வெள்ளைப் பழத்தின் விதையைப் போட்டால் வெள்ளைதானே காய்க்கும் என்று நினைத்து, விதைகளைச் சுரண்டி எடுத்து விதைத்தேன். எட்டு மாதம் கழித்து 14 செடிகள் காய்த்தன. 9 நல்ல சிவப்பு, 3 இளஞ்சிவப்பு, 2 மட்டும் ஏறக்குறைய வெள்ளை. இளஞ்சிவப்பு மூன்றும்கூட ஒரே மாதிரி இல்லை. ஒன்று தோல் மட்டும் சிவந்து உள்ளே வெள்ளை, ஒன்று உள்ளேயும் லேசாகச் சிவந்தது, மூன்றாவதை வெயில் பட்ட பக்கம் ஒரு மாதிரியும் நிழல் பக்கம் வேறு மாதிரியும் எழுதி வைத்திருக்கிறேன். 

இதில் இரண்டு தப்பு இருந்தது. முதலாவது, எனக்குத் தெரிந்தது தாயை மட்டும்தான். மகரந்தம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? இரண்டாவது தப்பு இன்னும் அடிப்படையானது. தோட்ட ஸ்ட்ராபெர்ரியில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் 56, அதாவது எட்டுத் தொகுப்பு. நமக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு தொகுப்பு இருக்கிற மாதிரி, அதற்கு எட்டு. நிறத்துக்கான ஒரு மரபணு பழுதானாலும் இன்னொரு தொகுப்பில் இருக்கும் அதன் பங்காளி வேலையைப் பார்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பாதி பார்க்கும். முதல் தடவை கணக்குப் போடுகிறவன் கை வைக்கிற செடி இல்லை இது.

அதன் பூர்வீகமே சிக்கலானது. 1714-இல் ஃபிரெசியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் காய்க்கிற ஸ்ட்ராபெர்ரிச் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். வந்தவை பெண் செடிகள். தனியே நட்டால் காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரி பூத்த தோட்டங்களில்தான் காய்த்தன. அப்படிப் பிறந்த கலப்புதான் இன்று நாம் தின்னும் பெரிய பழம். இது இரண்டு இனத்தின் பிள்ளை என்று 1766-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் துயூஷேன் எழுதிவிட்டார். அதாவது நான் விதை சுரண்டிய பழமே ஏற்கெனவே ஒரு கலப்பு. அதை வைத்துக்கொண்டு ‘சுத்தமான வெள்ளை’ தேடியது என் தவறு.

சரி, எட்டு வேண்டாம், இரண்டே போதும் என்று காட்டு ஸ்ட்ராபெர்ரிக்கு மாறினேன். பழம் கட்டைவிரல் நகம் அளவுதான். ஆனால் குரோமோசோம் 14, ஏழே ஜோடி. வெள்ளைக்கு ‘யெல்லோ வொண்டர்’, சிவப்புக்கு ‘பேரன் சோலெமாகர்’. இரண்டும் விதையிலிருந்து மாறாமல் வரும் ரகங்கள், ஒரு பருவத்தோடு நிற்காமல் தொடர்ந்து பூப்பவை. இன்னொரு வசதியும் உண்டு: இரண்டும் ஓடுதண்டு விடாது. சாதாரண ஸ்ட்ராபெர்ரி கொடிபோல் தண்டு நீட்டிப் பக்கத்துத் தொட்டியில் போய் வேர் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தொட்டிக்கும் எண் போட்டு எண்ணுகிறவனுக்கு அது நரகம். இவை இருந்த இடத்திலேயே கொத்தாக வளரும்.

விதை

முதல் தடவை 60 விதையைத் தக்காளி விதைக்கிற மாதிரி அரை சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைத்தேன். முளைத்தது நான்கு. ஸ்ட்ராபெர்ரி விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் கொஞ்ச நாள் குளிர் கொடுத்தால் நல்லது என்றும் தெரியாது.

இரண்டாம் தடவை செய்ததைத்தான் இன்றுவரை மாற்றாமல் செய்கிறேன். பழுத்த பழத்தைத் தோல் பக்கமாகக் காகிதத்தில் தேய்த்துக் காயவிட்டால் விதை தனியே உதிர்ந்துவிடும். ஈரமான டிஷ்யூ காகிதத்தில் பரப்பி, ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரியில் மூன்று வாரம். அப்புறம் சலித்த கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் மூன்றுக்கு ஒன்று கலந்து, தட்டில் நிரப்பி, நன்றாக நனைத்து, மேலே விதையைத் தூவி, விரலால் லேசாக அழுத்தினால் போதும். மூடவே கூடாது. மேலே கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் மூடி, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் எல்இடி குழல் விளக்கு, ஒரு நாளுக்கு 15 மணி நேரம். அறை 20 டிகிரி சுற்றி.

11-ஆம் நாள் முதல் முளை. கடைசி முளை ஐந்தாவது வாரம். இந்த இடத்தில் பொறுமை இல்லாதவர்கள் தட்டைக் கொட்டிவிடுவார்கள். நானும் ஒரு தட்டைக் கொட்டினேன். தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும். மேலே தெளித்த தட்டில் தண்டழுகல் வந்து இரண்டே நாளில் 20 நாற்று சாய்ந்துவிட்டது. கணினிக்குள் இருக்குமே, அந்த மாதிரிச் சின்ன மின்விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிட்ட பிறகு அது வரவில்லை.

நாற்று கடுகு அளவில் இருக்கும்போதே பல் குச்சியால் நெம்பி எடுத்துச் சின்னக் குழிகளுக்கு மாற்றினேன். விதைத்து ஐந்து மாதத்தில் முதல் பழம். இதற்குக் குறைந்து எனக்கு ஒரு செடியும் காய்த்ததில்லை.

பூவைத் திறப்பது

இந்த முழு வேலையிலும் கை நடுங்கிய இடம் இதுதான். ஸ்ட்ராபெர்ரிப் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். விட்டால் தன்னைத்தானே சேர்த்துக்கொள்ளும். கலப்பு வேண்டுமென்றால், மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்னாலேயே அதை எடுத்துவிட வேண்டும்.

புருவம் திருத்துகிற இடுக்கியோடு ஆரம்பித்தேன். முனை தட்டை, ஒவ்வொரு தடவையும் மகரந்தப்பையோடு சேர்த்து, மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகமான சூல்முடியையும் நசுக்கியது. முதல் ஆறு பூவும் கறுத்து உதிர்ந்தன. அப்புறம் சின்ன மின்னணுப் பாகங்களைச் சாலிடர் செய்யும்போது பிடிக்கப் பயன்படும் ஊசிமுனை இடுக்கி ஒன்று வாங்கினேன். தலையில் மாட்டுகிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும். இந்த இரண்டும் இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மொட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. பச்சைப் புல்லிகளின் இடுக்கில் இதழின் வெள்ளை நூலளவு தெரிய வேண்டும், ஆனால் விரிந்திருக்கக் கூடாது. மறுநாள் காலை விரியும் மொட்டு அது. ஒரு நாள் முந்தினால் உள்ளே எல்லாம் பிஞ்சு, பிடிக்க முடியாது. ஒரு நாள் பிந்தினால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். இடுக்கி முனையைப் புல்லிவட்டத்துக்குக் கீழே வெளிப்பக்கமாகக் குத்தி, பூவைச் சுற்றி ஒரு வட்டம் கீறினால், புல்லி, இதழ், மகரந்தத்தாள் மூன்றும் ஒரே வளையமாகக் கழன்று வரும். சுமார் 20 மகரந்தத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தேவையில்லை. நடுவில் மிஞ்சுவது ஒரு பச்சை மேடு, அதன்மேல் மயிர்க்கால் மாதிரி நெருக்கமாகச் சூல்முடிகள். லென்ஸில் பார்த்தால் சின்ன முள்ளம்பன்றி.

கழன்ற வளையத்தை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்ப்பேன். மஞ்சள் தூள் விழுந்தால் அந்தப் பூ கணக்கில் இல்லை. ஒவ்வொரு பூவுக்கும் இடையில் இடுக்கியை 70 சதவீத ஆல்கஹாலில் முக்கித் துடைத்துக்கொள்வேன்.

மகரந்தம் சேர்ப்பது சுலபம். சிவப்புச் செடியின் மொட்டுகளிலிருந்து மகரந்தப்பைகளைக் கரண்டிக் குழிவில் உதிர்த்து, மேசை விளக்குக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி வைத்தால், காலையில் வெடித்து மஞ்சள் தூள் இறங்கியிருக்கும். மெல்லிய ஓவியத் தூரிகையில் தொட்டு மேட்டின் எல்லாப் பக்கமும் தடவ வேண்டும். ஒரு சூல்முடிக்கு ஒரு விதை; தடவாத பக்கம் பழம் சப்பையாக நிற்கும். ஒரே நாளில் எல்லாச் சூல்முடியும் தயாராகாது. அதனால் மூன்று நாள் தொடர்ந்து. மீதி நேரம் காலி தேயிலைப் பையை அதன் தலையில் மாட்டி நூலால் கட்டிவிடுவேன்.

எட்டுப் பூவில் செய்தேன். ஐந்து பழமாகின. அதோடு இன்னும் மூன்று பூவில் மகரந்தப்பையை நீக்கிவிட்டு, ஒன்றும் தடவாமல் சும்மா பையை மட்டும் மாட்டி வைத்தேன். அவை காய்க்கக் கூடாது. இரண்டு காய்ந்துபோயின. மூன்றாவது ஒரு பக்கம் மட்டும் உப்பி, நான்கைந்து விதையோடு கோணலாகப் பழுத்தது. என் கையில் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். இந்தச் சோதனைப் பூக்களை வைக்காமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

எந்தப் பக்கம் தாய்?

மேலே சொன்னதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: வெள்ளைச் செடியைத்தான் தாயாக வைத்தேன். இது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். சிவப்பு ஓங்கிய பண்பு, வெள்ளை ஒடுங்கியது; இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால் வெளியே தெரிவது சிவப்புதான். கலப்பு சரியாக நடந்திருந்தால் பிள்ளைகள் எல்லாம் சிவப்பு. கை தவறி வெள்ளைத் தாய் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை வெள்ளை. ஆக, வெள்ளை காய்த்த செடியைத் தூக்கிப் போட்டுவிடலாம். மாற்றிச் சிவப்பைத் தாயாக வைத்திருந்தால் கலப்பும் சிவப்பு, கைத்தவறும் சிவப்பு. எது எது என்று பிரிக்கவே முடியாது.

பழுக்க 30 நாள் ஆனது. ஐந்து பழமும் வெள்ளை. அக்கா மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, சிவப்புதானே தடவினீங்க? அப்படியே வெள்ளையா நிக்குது?” என்றாள். பலரும் இங்கே குழம்புவார்கள். நாம் தின்னும் சதை தாயுடைய உடம்பு, பூவின் அடிமேடு வீங்கியது. மேலே ஒட்டியிருக்கும் விதை என்று நாம் சொல்வதுதான் தாவரவியல் கணக்கில் உண்மையான பழம். அதற்குள் உறங்கும் கருவில்தான் அப்பாவின் பங்கு இருக்கிறது. அந்தக் கரு முளைத்து, வளர்ந்து, அது காய்க்கும்போதுதான் அப்பாவின் நிறம் தெரியும். அவளுக்கு ஒரு பழத்தைக் கையில் கொடுத்து, “இது இன்னும் உங்க பாட்டி வீட்டுச் சேலை, உள்ளே இருக்கிற குழந்தைக்குத்தான் வேற சட்டை” என்றேன். புரிந்ததோ என்னவோ, பழத்தைத் தின்றுவிட்டாள். விதையோடு. நல்ல வேளை, மற்ற நான்கும் அவள் கைக்கு எட்டவில்லை.

நான்கு பழத்தில் சுமார் 140 விதை. 24 நாற்று வளர்த்தேன். காய்த்தபோது 22 சிவப்பு, 2 வெள்ளை. அந்த இரண்டும் கைத்தவறு, பிடுங்கிவிட்டேன். 22-இன் சிவப்பும் அப்பாவின் சிவப்பிலிருந்து வேறாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. இளஞ்சிவப்பு, நடுத்தரம் எதுவும் இல்லை. முதல் வருடத் தோட்டப் பழங்களின் குழப்பத்துக்குப் பிறகு இதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது.

வயிற்றெரிச்சல்

இப்போது பேரப்பிள்ளைகள். சிவப்பாகக் காய்த்த 22-க்குள்ளும் அம்மாவின் வெள்ளை ஒளிந்திருக்கிறது; இரண்டு பக்கமிருந்தும் வெள்ளையே வந்து சேரும் பேரப்பிள்ளை, நான்கில் ஒன்று, மறுபடி வெள்ளையாகும். 22-இல் நல்ல நான்கு செடிகளை எடுத்து, பூக்களுக்கு வலைப் பை கட்டி, தூரிகையால் அதனதன் மகரந்தத்தையே அதற்குத் தடவிவிட்டேன். விதை ஏராளம். 50 நாற்றுகள் ஆறு இலையோடு வந்து நின்றன. தொட்டி வைக்க இடம் 30-க்குத்தான் இருந்தது.

இங்கேதான் நான் அதிகம் படித்தவன் மாதிரி யோசித்தேன். நாற்றுகளில் சிலவற்றின் இலைக்காம்பு செக்கச் சிவப்பு, சிலவற்றுடையது வெளிர் பச்சை. பழத்தைச் சிவக்கவைக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் காம்பையும் சிவக்கவைக்கிறது. அப்படியானால் பச்சைக் காம்பு இருப்பதெல்லாம் வெள்ளைப் பழம் காய்க்கும், சிவப்புக் காம்பு இருப்பதெல்லாம் சிவப்பு காய்க்கும். ஐந்து மாதம் காத்திருக்காமல் இப்போதே எண்ணிவிடலாம்! எண்ணினேன். சிவப்புக் காம்பு 30, பச்சை 20. மூன்றுக்கு ஒன்று இல்லையே என்று கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பச்சை 20-ஐ ‘வெள்ளை’ என்று நோட்டில் எழுதிவிட்டு, பிடுங்கி உரக்குழியில் போட்டேன். மீதி 30-ஐ ‘உறுதிக்காக’ வளர்த்தேன்.

அந்த 30 சிவப்புக் காம்புச் செடிகளில் 22 சிவப்பாகப் பழுத்தன, 8 வெள்ளையாகப் பழுத்தன.

தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த எட்டில் ஒன்றை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காம்பு ரத்தச் சிவப்பு, அதன் நுனிக் கொத்தில் பால் வெள்ளையாக ஒரு பழம். அப்போதுதான் என் தாய்ச் செடி நினைவுக்கு வந்தது. எழுந்துபோய் ‘யெல்லோ வொண்டர்’ தொட்டியைப் பார்த்தேன். அதன் காம்புகளும் அடியில் சிவப்புதான். இரண்டு வருடமாகத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை.

தியரிக்குள் போகப் போவதில்லை, ஆனால் இதை மட்டும் சொல்லாமல் விட முடியாது. பழத்தில் நிறத்தைத் தயாரிக்கும் மரபணுக்களை ‘ஓடு’ என்று முடுக்கிவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு, பெயர் மிப்10. ‘யெல்லோ வொண்டர்’ செடியில் அந்த மரபணுவின் டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து பிழை: ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சி’. அதனால் அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் 12-ஆவது கண்ணி, அதாவது அமினோ அமிலம், டிரிப்டோஃபானுக்குப் பதில் செரின் ஆகிவிடுகிறது. சுவிட்ச் போட்டாலும் பழத்தில் விளக்கு எரியாது. காம்பை அது தொடுவதில்லை. அங்கே நிறம் வழக்கம்போல் ஊறும். காம்பையும் பழத்தையும் சேர்த்து வெளிறச் செய்கிற வேறொரு மரபணுவும் இருக்கிறது, ராப் என்பார்கள். தயாரான நிறத்தைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பைக்குச் சுமந்துபோவதற்கு அது வேண்டும். சுமக்க ஆள் இல்லாவிட்டால் காம்பும் பச்சை, பழமும் வெள்ளை. நான் ராப் பழுதுக்கான கணக்கை மிப் பழுதுள்ள செடியில் போட்டிருக்கிறேன்.

அப்படியானால் அந்தப் பச்சைக் காம்புகள் எங்கிருந்து வந்தன? தட்டை வைத்திருந்த அலமாரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பச்சையாக இருந்தவை பெரும்பாலும் ஓரத்து வரிசை, விளக்கின் வெளிச்சம் குறைவாக விழுந்த இடம். காம்பின் சிவப்பு வெளிச்சத்துக்கும் குளிருக்கும் ஏறும், நிழலில் இறங்கும். நான் எண்ணியது மரபணுவை அல்ல, என் குழல் விளக்கின் நீளத்தை.

இந்த 30-ஐத் தனியாகப் பார்த்தால் 22:8 நல்ல கணக்குதான். காம்புக்கும் பழத்துக்கும் சம்பந்தமே இல்லாததால் நான் தேர்ந்தெடுத்தது பழ நிறத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் உரக்குழிக்குப் போன 20-ஐ நினைத்தால் இன்னும் ஆறவில்லை. அவற்றில் ஏறக்குறைய 15 சிவப்பாகப் பழுத்திருக்கும்.

இரண்டாம் சுற்று

மறுபடி அதே நான்கு செடியின் விதை. 80 விதைத்ததில் 61 முளைத்தன. இந்தத் தடவை ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. முளைத்த வரிசையிலேயே எண் போட்டு, 10 சென்டிமீட்டர் தொட்டிகளுக்கு மாற்றி, வாரம் ஒரு தடவை இடம் மாற்றி வைத்தேன். இரண்டடுக்கு அலமாரி முழுக்க அடைத்துக்கொண்டது. ஒன்பது செடி வழியில் செத்தன: ஐந்து தண்டழுகல், மூன்று நான் ஊருக்குப் போன நான்கு நாளில் காய்ந்தவை, ஒன்று பூனை.

எண்ணுவதிலும் ஒரு பள்ளம் இருந்தது. சிவப்புப் பழமும் பழுப்பதற்கு முன்னால் வெள்ளையாகத்தான் நிற்கும். முதல் வாரத்தில் அவசரப்பட்டு இரண்டு தொட்டியில் ‘வெ’ என்று எழுதி, நான்கு நாள் கழித்து அடிக்க வேண்டியிருந்தது. வெள்ளை பழுத்துவிட்டது என்று எப்படித் தெரியும்? நிறத்தை நம்பக் கூடாது. வெளிர் மஞ்சள் லேசாக ஏறும், ஆனால் விளக்கடியில் அது சரியாகத் தெரியாது. நான் கடைசியில் வைத்துக்கொண்ட விதி இது: விரலால் தொட்டால் காம்பில் புல்லிவட்டம் மிஞ்ச, பழம் தானே கழன்று கையில் விழ வேண்டும். வாசனையும் வந்திருக்க வேண்டும்; பழுத்த வெள்ளை அறைக்குள் நுழையும்போதே அன்னாசி மாதிரி மணக்கும். அதுவும் ஒரு பழத்தை வைத்து எழுதவில்லை, ஒவ்வொரு செடியிலும் மூன்று பழம் பார்த்த பிறகுதான் நோட்டில் ஏற்றினேன்.

முடிவு மேலே சொன்னதுதான்: 37:15. முதல் சுற்றையும் சேர்த்தால் 59:23, எதிர்பார்த்தது 61.5:20.5. 

அடுத்த தடவை

செலவைப் பணமாகக் கணக்கிடவில்லை. இடுக்கியும் லென்ஸும் தவிர பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. தின்றது நாள்தான். தவறான செடிக்கு 8 மாதம், புதைத்த விதைக்கு 2, பெற்றோர் வளர 5, கலப்பும் கருவிப் பழக்கமும் 3, பிள்ளைகளுக்கு 6, பேரப்பிள்ளைகள் இரண்டு சுற்றுக்கு 12. மறுபடி செய்தால் 20 மாதத்துக்குள் முடித்துவிடுவேன்.

இடம் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு வழி. பேரப்பிள்ளைகளுக்காக 52 தொட்டி வைப்பதைவிட, கலப்புப் பிள்ளையை மறுபடி வெள்ளைத் தாயோடு சேர்த்திருக்கலாம். அப்போது பாதி சிவப்பு, பாதி வெள்ளை. 20 தொட்டியிலேயே கணக்கு தெளிவாகத் தெரியும். இடுக்கி வேலை மட்டும் கூடும். எனக்கு மூன்றுக்கு ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அதனால் அப்படிச் செய்யவில்லை.

காம்பைப் பார்த்து வந்த வயிற்றெரிச்சலிலிருந்து இன்னொரு வேலை கிளம்பிவிட்டது. எல்லா வெள்ளையும் ஒரே பழுதால் வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. வெவ்வேறு மரபணு கெட்ட இரண்டு வெள்ளையைக் கலந்தால், ஒன்றின் குறையை மற்றது நிரப்பி, பிள்ளை சிவப்பாகக் காய்க்கும். இரண்டு வெள்ளைக்குச் சிவப்புப் பிள்ளை! ஒரே மரபணு கெட்டிருந்தால் பிள்ளையும் வெள்ளை. வேறு பெயரில் விதையாக வந்த இன்னொரு வெள்ளை ரகம் கையில் இருந்தது. கலக்க உட்கார்ந்தபோதுதான் பழைய தந்திரம் இங்கே செல்லாது என்று உறைத்தது. கை தவறினாலும் பிள்ளை வெள்ளை, ஒரே மரபணுவாக இருந்தாலும் பிள்ளை வெள்ளை. எதை நம்புவது?

அப்புறம் பார்த்தால், அந்தப் புது வெள்ளை ஓடுதண்டு விடுகிற ரகம். இவ்வளவு நாள் நான் தப்பித்து ஓடிய அதே ஓடுதண்டு. காட்டு ஸ்ட்ராபெர்ரியில் ஓடுதண்டு விடுவது ஓங்கிய பண்பு, விடாதது ஒடுங்கியது. ஆகவே ஓடுதண்டு விடாத ‘யெல்லோ வொண்டர்’ தாய், ஓடுதண்டு விடும் வெள்ளை அப்பா. ஓடுதண்டு விடுகிற நாற்று உண்மையான கலப்பு. விடாதது என் கைத்தவறு. காய்ப்பதற்கு முன்னாலேயே பிரித்துவிடலாம்.

11 நாற்று வளர்கின்றன. நேற்றுக் காலை தண்ணீர் ஊற்றும்போது 2, 5, 9-ஆம் தொட்டிகளில் விளிம்பைத் தாண்டி மெல்லிசாக ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. மூன்றையும் தனித் தட்டுக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன். காம்பு மூன்றிலும் சிவப்பு. அதை நோட்டில் எழுதவில்லை.